சிக்கனத்தின் சத்தம்: டி. பூன் வாழ்ந்த 27 வருடங்கள்

2000-இல் எம்டிவியில் தொடங்கிய 'ஜாக்ஆஸ்' நிகழ்ச்சியை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு அதன் தொடக்க இசை ஞாபகமிருக்கும். மெக்சிகோ எல்லையோரத்துக் கல்யாண வீட்டில் கேட்பது போன்ற துள்ளலான ஒரு கிட்டார். யாரோ மலையிலிருந்து உருளுவார்கள், யாரோ ஷாப்பிங் வண்டியோடு சுவரில் மோதுவார்கள், பின்னால் அந்தக் கிட்டார் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பல வருடங்கள் ஒரு வேடிக்கை இசையாகவே நினைத்திருந்தேன். முழுப் பாட்டைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

பாட்டின் பெயர் 'கொரோனா'. பியர் பாட்டில்தான். ஒரு ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், நண்பர்கள் சிலர் எல்லை தாண்டி மெக்சிகோ கடற்கரைக்குப் போய்க் குடித்துக் களித்திருக்கிறார்கள். விடிந்ததும் ஒரு பெண் மணலில் கிடந்த காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கடையில் திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்குச் சில காசு கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரால் அந்தக் காட்சியைத் தாண்டிப் போக முடியவில்லை. கொடுப்பதற்குத் தன்னிடம் ஐந்து சென்ட் மதிப்புள்ள ஒரு பாட்டில்தான் இருக்கிறது என்ற கூச்சத்தைப் பாட்டாக்கினார். அவர் டென்னெஸ் டேல் பூன். ஊருக்கு டி. பூன். பிறந்தது 1958 ஏப்ரல் 1. இறந்தது 1985 டிசம்பர் 22.

அவர் பாடி, கிட்டார் வாசித்த குழு மினிட்மென். அது இயங்கியது ஆறே ஆண்டுகள். அதற்குள் நான்கு முழு ஆல்பங்கள், அதைவிட அதிகமான எண்ணிக்கையில் சிறு தட்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள். பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தைத் தொடாதவை. நிறைய பாட்டுகள் ஒரு நிமிடத்திலேயே முடிந்துவிடும். பங்க் என்ற முரட்டு ராக் இசை என்றால் அவசரம்தானே, அதனால்தான் இவ்வளவு குட்டிப் பாட்டுகள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் குறுகிய வாழ்க்கையில் இவ்வளவு எப்படிச் சாத்தியமானது என்பது புரியும்.

கணக்கு சான் பெட்ரோவில் தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் அதை 'பீட்ரோ' என்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் துறைமுகம் அங்கேதான். ஹாலிவுட்டும் அதே நகரம்தான் என்றாலும், இது சரக்குத் தொழிலாளர்களும் மீனவர்களும், குரோயேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் குடியிருந்த வேறு உலகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைவீரர் குடியிருப்பை ஏழைகளுக்கான அரசு வீடுகளாக மாற்றியிருந்தார்கள். பூன் குடும்பம் அதில் இருந்தது. அப்பா முன்னாள் கடற்படைக்காரர். ப்யூக் கார்களுக்கு ரேடியோ பொருத்தும் வேலை பார்த்தார்.

பின்னாளில் குழுவில் பாஸ் வாசித்த மைக் வாட்டும் கடற்படைக்காரர் மகன். சிறு வயதில் வர்ஜீனியாவிலிருந்து வந்து சேர்ந்தவன். ஒருநாள் பெக் பார்க்கில் தனியாக நடந்துகொண்டிருந்தான். திடீரென்று மேலேயிருந்து ஒரு கனத்த பையன் அவன்மேல் தொப்பென்று குதித்தான். தன் கூட்டாளி ஒருவன் வருகிறான் என்று நினைத்து மரத்தில் ஒளிந்திருந்த பூன், ஆள் மாறிக் குதித்துவிட்டான். சரி, குதித்தாகிவிட்டது, பேசுவோம் என்று பேச ஆரம்பித்தான். அவன் அவிழ்த்துவிட்ட நகைச்சுவையைக் கேட்டு, இவன் ஒரு மேதை என்றே வாட் முடிவு கட்டினான். பூன் வீட்டுக்குப் போய் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் தட்டைக் கேட்ட பிறகுதான் எல்லாம் அங்கிருந்து வந்த சரக்கு என்று தெரிந்தது. அதற்குள் நட்பு கெட்டியாகிவிட்டது. இரண்டு பேருக்கும் பதின்மூன்று வயதுதான்.

பூனின் அம்மாவுக்குப் பையன்கள் தெருவில் சுற்றுவது பிடிக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் தெரு என்றால் அடிதடி. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டிலேயே இருந்து இசை வாசியுங்கள் என்றார். மகன் கிட்டார் வாசித்தான், வாட் பாஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) வாசிக்கட்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். வாட்டுக்குப் பாஸ் கிட்டார் என்றால் என்னவென்றே தெரியாது. படங்களில் நான்கு தந்தி தெரிந்ததால், சாதாரண கிட்டாரில் இரண்டு தந்தியைக் கழற்றிவிட்டு வாசித்தான். சுருதி கூட்டுவது என்று ஒன்று இருப்பதும் இரண்டு பேருக்கும் தெரியாது. தந்தியை எவ்வளவு முறுக்குவது என்பது அவரவர் விருப்பம் என்று நினைத்திருக்கிறார்கள்! சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் இசை இப்படித்தான் நுழைகிறது. மகன் நாலு பேர் அறியும் கலைஞனானதைப் பார்க்க அந்த அம்மா இருக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

அவர்கள் கேட்டு வளர்ந்தது க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் போன்ற குழுக்களை. க்ரீடன்ஸின் ஜான் ஃபோகர்ட்டி போட்டிருந்த கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டையையே இவர்களும் போட்டார்கள். அது தொழிலாளி போடும் சட்டை. பின்னாளில் மேடையிலும் அதே சட்டைதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. ராக் கச்சேரி என்றால் மைதானம் நிறைய ஆட்கள், தூரத்தில் எறும்பு போலத் தெரியும் நட்சத்திரங்கள். எழுதுவது அவர்கள் வேலை, வீட்டில் காப்பியடிப்பது நம் வேலை. எழுபதுகளின் கடைசியில் ஹாலிவுட்டில் பங்க் கச்சேரிகளுக்குப் போனபோது அந்தச் சுவர் இடிந்தது. மேடையில் நின்றவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு வாசிக்கவும் சரியாகத் தெரியவில்லை. எழுதத் துணிந்திருந்தார்கள், அவ்வளவுதான். பூனுக்கும் வாட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. முதலில் ரியாக்‌ஷனரீஸ் என்றொரு குழு. அது கலைந்ததும் 1980 ஜனவரியில் மினிட்மென். சில மாதங்களில் பழைய குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹர்லி திரும்பி வர, மூவர் அணி முழுமையானது.

பெயரைப் பற்றி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு நிமிடப் பாட்டு பாடுவதால் வந்த பெயர் இல்லை இது. அமெரிக்க விடுதலைப் போரில் கூப்பிட்ட நிமிடத்தில் துப்பாக்கியோடு ஓடிவந்த குடியானவப் படையினருக்கு அந்தப் பெயர். அறுபதுகளில் ஒரு தீவிர வலதுசாரிக் கும்பலும் அதைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. இவர்கள் அவர்களிடமிருந்து பெயரைப் பறித்துக்கொண்டார்கள். அதே எழுத்துகளை 'மைன்யூட்' என்று உச்சரித்தால் 'மிகச் சிறிய' என்று பொருள். மைதானத்து ராட்சதர்களுக்கு எதிரில் நாங்கள் பொடியன்கள் என்ற அர்த்தமும் உள்ளே இருக்கிறது என்று வாட் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

1980 டிசம்பரில் முதல் தட்டு 'பாரனாய்ட் டைம்' வந்தது. ஏழு பாட்டு, மொத்தம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. ப்ளாக் ஃப்ளாக் என்ற பங்க் குழுவின் க்ரெக் கின் நடத்திய எஸ்எஸ்டி இசைத்தட்டு நிறுவனத்தின் இரண்டாவது வெளியீடு அது. அடுத்த வருடம் 'தி பஞ்ச் லைன்'. பதினெட்டு பாட்டு, பதினைந்து நிமிடம். ஆங்கிலேயக் குழுவான வயர், ஒரு யோசனையைச் சொல்லி முடித்ததும் பாட்டை நிறுத்திவிடலாம் என்று காட்டியிருந்தது. மினிட்மென் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். பல்லவியைத் திரும்பப் பாடுவதில்லை, நீளமான கிட்டார் தனி ஆவர்த்தனம் இல்லை, முடிவில் மெல்லத் தேய்ந்து போவதும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னதும் சட்டென்று நின்றுவிடும்.

இதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: எகானோ. சிக்கனம் என்று சொல்லலாம், ஆனால் கஞ்சத்தனம் இல்லை. எங்கள் வழி எகானோ என்று ஒரு பேட்டியில் வாட் சொல்கிறார். ஸ்டுடியோ வாடகை குறைவாக இருக்கும் நடுநிசிக்குப் பிறகு பதிவு செய்வார்கள். ஏற்கெனவே வேறு யாரோ பயன்படுத்திய டேப்பின்மேல் பதிவு செய்வார்கள். ஆல்பத்தில் எந்த வரிசையோ அதே வரிசையில் வாசித்துவிடுவார்கள், வெட்டி ஒட்ட ஆகும் செலவு மிச்சம். அதற்கு முன்பே பாட்டுகளை மேடையில் வாசித்து வாசித்துக் கை பழகியிருக்கும், அதனால் ஸ்டுடியோவில் தடுமாறிக் காசை வீணாக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போகும்போது பெட்டி தூக்க ஆள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே வேனில் ஏற்றி, தாங்களே இறக்குவார்கள்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பெரிய குழுக்கள் ஆல்பத்தை விற்கச் சுற்றுப்பயணம் போவார்கள். அதில் நஷ்டம் வந்தாலும் நிறுவனம் தாங்கிக்கொள்ளும். மினிட்மென் இதைத் தலைகீழாக்கினார்கள். உலகத்தில் இரண்டே விஷயங்கள் இருக்கின்றன, ஒன்று கச்சேரி, மற்றதெல்லாம் கச்சேரிக்கான நோட்டீஸ் என்பார் வாட். இசைத்தட்டும் நோட்டீஸ், பேட்டியும் நோட்டீஸ். நோட்டீசுக்கு யாராவது லட்சக்கணக்கில் செலவழிப்பார்களா? குறைந்த செலவில் எடுத்தால் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் அடுத்ததை உடனே எடுக்கலாம். எதை எடுக்க வேண்டும் என்று சொல்ல மேலே ஆளும் இல்லை. இவ்வளவு பாட்டு எங்கிருந்து கொட்டியது என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். திறமை இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமை யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லாமல் செய்தது இந்த ஏற்பாடு.

எகானோ அவர்களுடைய ஒலிக்குள்ளும் இருந்தது. இதைச் சொல்லாமல் பூனைப் பற்றி எழுதவே கூடாது. ராக் இசையில் கிட்டார்தான் ராஜா, பாஸ் பின்னால் மறைந்து நிற்கும். அது பூனுக்கு அநியாயமாகப் பட்டது. அதனால் தன் கிட்டார் ஒலியிலிருந்து கனமான கீழ் ஸ்தாயிப் பகுதியை வெட்டி எறிந்தார். மிச்சம் இருந்தது கம்பியால் கீறுவது போன்ற மெல்லிய, கூர்மையான சத்தம். அப்படிக் காலியான இடத்தை வாட்டின் பாஸ் நிரப்பியது. ஹர்லியின் ட்ரம்ஸ் இன்னொரு பங்கை எடுத்துக்கொண்டது. மூன்று பேருக்கும் சமபங்கு. மினிட்மென் பாட்டு எதையாவது ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மூன்று மூலையில் நின்று சம உரிமையோடு வாக்குவாதம் செய்வது போலவே இருக்கும். பூனுடைய அரசியல் அவருடைய வரிகளில் இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது இந்தக் கிட்டார் சத்தத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

வரிகளிலும் இருந்தது, மறுக்கவில்லை. ரீகன் ஜனாதிபதியாக இருந்த காலம். எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர், அங்கே ராணுவத்துக்கு அமெரிக்கப் பணமும் ஆயுதமும் போய்க்கொண்டிருந்தன. பூன் லத்தீன் அமெரிக்காவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பாடினார். சரித்திரப் புத்தகங்கள் படிப்பார், வேனில் மணிக்கணக்கில் வாட்டோடு அதையே வைத்துச் சண்டை போடுவார். ஆனால் அவருடைய நல்ல அரசியல் பாட்டுகள் பெரும்பாலும் தான் நின்ற இடத்திலிருந்துதான் பிறந்தன. கார் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்த்தபோது, கறுப்பினத்தவரின் இசையை ரேடியோவில் கேட்கக்கூடாது என்று மேலாளர் இனவெறி வார்த்தை சொல்லித் தடுத்திருக்கிறார். அந்தக் கோபம் 'திஸ் எய்ன்ட் நோ பிக்னிக்' ஆனது. மிகக் குறைந்த செலவில் எடுத்த அதன் வீடியோவில், ரீகன் நடித்த பழைய போர்ப் படத்துக் காட்சிகளை வெட்டிச் சேர்த்திருப்பார்கள். விமானத்திலிருந்து அமெரிக்க ஜனாதிபதி மூன்று பையன்கள்மேல் சுட்டுத் தள்ளுவார். அவர்கள் தரையில் நின்று வாசித்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம் 1984. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். மூவரும் ஒரு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்து முடித்திருந்தார்கள். அந்த நேரம் மினசோட்டாவிலிருந்து வந்த நண்பர்களான ஹஸ்கர் டூ குழுவினர் இரட்டை ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். அப்படியா சங்கதி என்று இவர்களும் உட்கார்ந்து இன்னும் இரண்டு டஜன் பாட்டுகளை எழுதித் தள்ளினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்'. இரண்டு தட்டுகளில் 45 தடங்கள். மொத்தச் செலவு 1,100 டாலர் என்பது அவர்களே சொன்ன கணக்கு. முழு ஆல்பத்தின் ஒலிக்கலவையும் ஒரே இரவில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், பாட்டுகளை முறை வைத்துப் பொறுக்கினார்கள். யாரும் எடுக்காமல் மிஞ்சியது நான்காம் பக்கம். அதற்கு 'பதர்' என்றே பெயர் வைத்தார்கள். இந்தப் பதரிலேயே நல்ல மணிகள் கிடக்கின்றன.

தலைப்புக்கு ஒரு கதை. அந்த நாளில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். என்னால் 55-இல் ஓட்ட முடியாது என்று சாமி ஹேகர் என்ற ராக் நட்சத்திரம் பாடியிருந்தார். இவர்கள் யோசித்தார்கள்: காரைத் தாறுமாறாக ஓட்டிவிட்டு இசையைப் பத்திரமாக வாசிப்பதில் என்ன வீரம்? நாம் காரை ஒழுங்காக ஓட்டுவோம், இசையில் தாறுமாறாகப் போவோம். லாரி ஓட்டுநர்கள் பேச்சில் 'டபுள் நிக்கல்ஸ்' என்றால் இரண்டு ஐந்து சென்ட் நாணயம், அதாவது 55. 'டைம்' என்பது பத்து சென்ட் நாணயம், 10-ஆம் எண் நெடுஞ்சாலையைக் குறிக்கும். அட்டைப்படத்துக்காக வாட் தன் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை ஓட்ட, நண்பர் ஒருவர் பின்சீட்டிலிருந்து படம் எடுத்தார். வேகமானியின் முள் சரியாக 55-இல் நிற்க வேண்டும், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வாட்டின் கண்கள் தெரிய வேண்டும், முன்கண்ணாடி வழியே 'சான் பெட்ரோ' பலகையும் வர வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் அமைய வேண்டியிருந்ததால், மறுபடி மறுபடி அதே சாலையில் போய்த்தான் எடுத்தார்கள். தற்செயலாக எடுத்ததுபோல் தோன்றும் படம் அது. பாட்டுகளும் அப்படித்தான்.

அந்த ஆல்பத்தில்தான் 'கொரோனா' இருக்கிறது. வாட் எழுதி பூன் பாடும் 'ஹிஸ்டரி லெஸன் பார்ட் டூ'வும் இருக்கிறது. கத்தலோ வேகமோ இல்லாமல், தானும் நண்பனும் பல வருடங்களாகச் சேர்ந்து வாசித்து வளர்ந்ததை அடுத்தவீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் பூன் பாடுகிறார். அமெரிக்க நிலத்தடி இசையைப் பற்றி மைக்கேல் அசராட் 2001-இல் எழுதிய முக்கியமான புத்தகத்தின் தலைப்பு அந்தப் பாட்டின் முதல் வரிதான்.

மேடையில் பூனைப் பார்க்க வேண்டும், நல்லவேளையாகக் காட்சிகள் மிஞ்சியிருக்கின்றன. கனத்த உடம்பு. ராக் நட்சத்திரத்துக்கு என்று உலகம் வைத்திருந்த அளவுக்குள் எந்த வகையிலும் அடங்காத மனிதர். ஆனால் பாட்டு தொடங்கியதும் பந்து மாதிரி எம்பி எம்பிக் குதிக்கிறார். முகம் சிவந்து வியர்வை வழிகிறது, விரல் மட்டும் தப்புவதில்லை. 1983-இல் ப்ளாக் ஃப்ளாக் குழுவோடு ஐரோப்பா போனபோது பல ஊர்களில் கூட்டம் இவர்கள்மேல் எச்சில் துப்பியது. ஃபங்க்கும் ஜாஸும் நாட்டுப்புறமும் கலந்த இதுவா பங்க் என்று பங்க் ரசிகர்களுக்கே கோபம். தங்கள் மனம்போல வாசிப்பதற்குத்தானே பங்க் வந்தது என்பது இவர்கள் கட்சி. இதில் நான் முழுக்க இவர்கள் பக்கம்.

1985 இறுதியில் பெருங்குழுவாக வளர்ந்துகொண்டிருந்த ஆர்.இ.எம்., தங்கள் சுற்றுப்பயணத்தில் மினிட்மென்னை முன்கச்சேரிக்கு அழைத்தது. டிசம்பர் 13 அன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில் கடைசிக் கச்சேரி. ஊர் திரும்பினார்கள். புதிய ஆல்பம் '3-வே டை' வெளியாகியிருந்தது. அதற்குள் ஒரு வாக்குச்சீட்டு வைத்திருந்தார்கள். எந்தப் பாட்டுகளின் மேடைப் பதிவு வேண்டும் என்று ரசிகர்கள் எழுதி அனுப்பினால், அதை வைத்து அடுத்த வெளியீடு என்பது திட்டம்.

டிசம்பர் 22. பூனுக்குக் காய்ச்சல். அரிசோனாவுக்குப் போகும் வேனில் பின்பக்கம் படுத்திருந்தார், சீட் பெல்ட் போடவில்லை. பாலைவனத்தில் 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் வேன் சாலையை விட்டு விலகிப் புரண்டது. பின்கதவு வழியாக வெளியே வீசப்பட்டு, கழுத்து முறிந்து அங்கேயே இறந்துபோனார். மூன்றாம் ஆல்பத்தின் தலைப்பில் பெயராக இருந்த அதே சாலை என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குழு அன்றோடு முடிந்தது. வேறொரு கிட்டார்காரரைப் போட்டு அதே பெயரில் ஓட்ட வாட்டும் ஹர்லியும் நினைக்கவே இல்லை. வாட் பாஸைத் தொடாமல் முடங்கிக் கிடந்தார். ஓஹையோவிலிருந்து எட் க்ராஃபோர்ட் என்ற இளம் ரசிகர் தேடி வந்து வற்புறுத்தியதால் 1986-இல் ஃபயர்ஹோஸ் என்ற புதிய குழு பிறந்தது. ரசிகர்கள் வாக்களித்த ஆல்பம் 'பேலட் ரிசல்ட்' என்ற பெயரில் 1987-இல் வந்தது. கிடைத்த மேடைப் பதிவு, வானொலிப் பதிவு, ஒத்திகை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக் கட்டியது அது. அதற்குப் பிறகு தான் வெளியிட்ட ஒவ்வொரு ஆல்பத்தையும் வாட் டி. பூனுக்குத்தான் சமர்ப்பித்துவருகிறார்.

பல வருடங்கள் கழித்து, வால்வோ கார் விளம்பரம் ஒன்றில் 'டபுள் நிக்கல்ஸ்' ஆல்பத்தின் 'லவ் டான்ஸ்' ஒலித்தது. மினிட்மென் பாட்டைக் கார் விற்கக் கொடுத்துவிட்டாரே என்று சிலர் வாட்டைக் குறை சொன்னார்கள். பூனின் அப்பா அப்போது நுரையீரல் நோயில் கிடந்தார். விளம்பரப் பணம் அவருக்குப் போனது. ஒரு காலத்தில் ப்யூக் கார்களுக்கு ரேடியோ பொருத்திக்கொண்டிருந்த அதே அப்பா.